லோ ரேஞ்சில் வண்டி மந்தமானால்

நான்கு சக்கரமும் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் குறைகளில் ஒன்று இது: "ரோட்டுல நல்லாத்தான் போகுது, 4 லோ போட்டா மட்டும் பிக்கப்பே இல்ல." கேட்டவுடன் எல்லோருக்கும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி மேல்தான் சந்தேகம் வருகிறது. 4 லோவுக்கான லோ ரேஞ்ச் கியர் அந்தப் பெட்டிக்குள் இருப்பதால் கோளாறும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நினைப்பு பெரும்பாலும் வீண் செலவில்தான் கொண்டுபோய் விடுகிறது. லோ ரேஞ்சில் தெரியும் மந்தத்துக்கு லோ ரேஞ்ச் கியரே காரணமாக இருப்பது அரிது. ஏனென்றால் அது பல்லும் பல்லும் கோத்துக்கொள்ளும் கியர். கோத்தால் முழுதாக இழுக்கும். கோக்காவிட்டால் வண்டி நகரவே நகராது. பாதி பலத்தோடு இழுப்பது என்ற நிலை அதற்குக் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போனால் கியர் கழன்று விழும், கரகரவென்று அரைக்கும், உள்ளே செயின் தளர்ந்திருந்தால் சுமை ஏறும்போது படார் படாரென்று தாவும். இந்தச் சத்தம் எதுவும் இல்லாமல் வண்டி சோர்ந்து மட்டும் கிடந்தால் வேறு இடத்தில்தான் தேடவேண்டும்.

எங்கே தேடுவது என்பதை ஓர் உண்மையான வண்டியின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டொலீடோ நகரில் தயாரான ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 2001 வரை அந்த நாட்டுச் சந்தையில் இருந்தது. 1987 முதல் அதன் 4 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சினோடு வந்தது ஜப்பானின் ஐசின்-வார்னர் செய்த ஏடபிள்யூ 4 என்ற 4 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் முதல் கியர் விகிதம் 2.804, நான்காவது 0.753. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் விகிதம் 2.72. முதல் கியரையும் லோ ரேஞ்சையும் பெருக்கினால் ஏறத்தாழ 7.6 வரும். பாறை ஏறும் பலம் இந்த 7.6-இல்தான் இருக்கிறது. இந்த கியர்பாக்ஸில் கியர் மாற்றும் வேலையை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகாவிட்டால், லீவர் டி-யில் இருக்கும்போது வண்டி நேராக நான்காவது கியரில் கிளம்பும். இப்போது லோ ரேஞ்சில் கிடைப்பது 0.753-ஐ 2.72-ஆல் பெருக்கினால் வரும் 2.05. ஹை ரேஞ்சில் ஒழுங்காக ஓடும் வண்டியின் முதல் கியரே 2.8 தருகிறது. லோ போட்ட வண்டி, போடாத வண்டியைவிடக் குறைவாக இழுக்கிறது! டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஓட்டுபவருக்கு 'லோ ரேஞ்ச் போய்விட்டது' என்றே தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. லீவரை டி-யிலிருந்து கடைசியில் உள்ள 1-2 நிலைக்குத் தள்ளிப் பார்த்தால் போதும். கம்ப்யூட்டர் செத்திருந்தாலும் அந்த நிலையில் வால்வுகளே முதல் கியரைக் கொடுத்துவிடும். டி-யில் அசையாமல் நின்ற வண்டி 1-2-வில் திமிறிக்கொண்டு கிளம்பினால் கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது: ஃபியூஸ், வயர், கனெக்டர், அல்லது லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச். இந்த சுவிட்ச் எக்ஸ்ஜே வண்டிகளின் பலவீனங்களில் ஒன்று. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், வண்டிக்கு அடியில், சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் அது இருக்கிறது. உள்ளே ஈரம் இறங்கிச் செம்புத் தகடுகள் பச்சை பூத்துவிட்டால் தவறான செய்தி போகும். லோ ரேஞ்சை நாம் போடுவதே சேற்றிலும் ஓடையிலும்தான் என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். சுவிட்ச் நனைவதும் லோ போடுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பழி மட்டும் லோ ரேஞ்ச் மேல் விழுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். லோ ரேஞ்ச் என்றாலே மெதுவாகத்தானே போகும், இதை ஏன் கோளாறு என்று சொல்லவேண்டும்? மெதுவாகப் போவது வேறு, பலமில்லாமல் போவது வேறு. எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஊர்கிறது, ஆனால் மேட்டில் நிற்காமல் ஏறுகிறது என்றால் அது கோளாறே இல்லை, 2.72 மடங்கு பலத்துக்காக வேகத்தை அதே மடங்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் எஞ்சின் சுற்று ஏறாமல் திணறினால் எஞ்சின் பக்கமோ டார்க் கன்வெர்ட்டர் பக்கமோ பார்க்கவேண்டும். சுற்று தாராளமாக ஏறியும் வண்டி நகராவிட்டால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் மாட்டியவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். அந்த டயரே 2.72-ஐ ஏறக்குறைய 2.3 ஆக்கிவிடுகிறது. அதற்கு ரிப்பேர் கிடையாது. ஆக்ஸில் கியரை மாற்றினால்தான் பழைய இழுவை திரும்பும்.

டார்க் கன்வெர்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருவது அதுதான். அந்த வேலை நடக்க, உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் என்ற பாகம் அசையாமல் நிற்கவேண்டும். அதை ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் கிளட்ச் கெட்டுப்போனால் ஸ்டேட்டர் தளர்ந்து சுற்றும், மடங்காவது நின்றுபோகும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு இந்தக் குறை தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே அந்த மடங்கு தேவைப்படுவதில்லை. பாறையில் ஊரும்போதோ, கிளம்பும் நிலையிலேயே வண்டி நெடுநேரம் இருக்கிறது. 'ரோட்டில் நல்லாத்தான் போகுது' என்ற வாக்குமூலம் இதற்கு அப்படியே பொருந்தும். ஆகவே ஹை ரேஞ்சில், ஒரு மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிளப்பிப் பார்க்கவேண்டும். அங்கேயும் சோம்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டுவிடலாம். பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திச் சுற்றைப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட்டும் உண்டு. அதை அனுபவமுள்ள மெக்கானிக், சில விநாடிகளுக்குமேல் போகாமல் செய்யவேண்டும். அந்தச் சக்தி முழுவதும் ஆயிலைச் சூடாக்குவதிலேயே போகிறது. ஆயில் அளவு குறைந்திருந்தால் சமதளத்தில் தெரியாத வழுக்கல், செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும்போது வெளிப்படும். டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கும் வேலைதான், ஆனால் கருகிய வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்க்கவேண்டும்.

லோவில் மட்டும்தான், ஹையில் ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்? அப்போதும் பெட்டியைத் திறக்க அவசரப்படவேண்டாம். எக்ஸ்ஜேயில் வந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஒன்றான என்பி 242 என்பதற்கு, தார் ரோட்டிலும் போட்டுக்கொள்ளக்கூடிய 4 வீல் நிலை ஒன்று உண்டு. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம்கொடுக்கும். ஆனால் அதே பெட்டியில் 4 லோ போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். சிமெண்ட் தரையில் லோ போட்டு ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துப் பாருங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி முக்கும், டயர் கீச்சிடும். ஹையில் வழுக்கிக்கொண்டு போன வண்டி லோவில் முரண்டு பிடிக்கிறதே என்று உரிமையாளர் பதறுவார். கோளாறு எதுவும் இல்லை. மண்ணிலோ சரளையிலோ சோதித்தால் முரண்டு காணாமல் போகும்.

புதிய வண்டிகளில் மென்பொருளும் சேர்ந்துகொள்கிறது. 2004-இல் லேண்ட்ரோவர் டிஸ்கவரி 3 வண்டியோடு வந்த டெரெய்ன் ரெஸ்பான்ஸ் ஏற்பாட்டில், பாறைக்கான நிலை லோ ரேஞ்சில் மட்டுமே வேலை செய்யும். பாறையில் வண்டி துள்ளக்கூடாது என்பதற்காக அது ஆக்ஸிலரேட்டரை வேண்டுமென்றே மந்தமாக்குகிறது; கால் கணிசமாக இறங்கினாலும் எஞ்சின் கொஞ்சம்தான் ஏறும். மணலில் போகும்போது இந்த நிலை தவறுதலாகப் போட்டிருந்தால் வண்டி செத்ததுபோல் தோன்றும். ஓட்டுநர் கையேட்டில் ஒரு பக்கம் படித்தால் தீரும் விஷயம் இது.

ஸ்கேனர் மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடுமே, இத்தனை சோதனை எதற்கு என்று இளம் மெக்கானிக்குகள் கேட்கலாம். ஸ்கேனரை மாட்டத்தான் வேண்டும். மின்சாரக் கோளாறுக்கு அதைவிட விரைவான வழியில்லை. ஆனால் தளர்ந்த ஸ்டேட்டரையும், சேறு புகுந்ததால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் காலிபரையும், சிமெண்ட் தரையில் இறுகும் டயரையும் சென்சார் நேரடியாகப் பார்ப்பதில்லை. கோட் எதுவும் வரவில்லை என்றதும், கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, ஆகவே பெட்டிதான் கெட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வருவதைத்தான் நான் மறுக்கிறேன். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் ரிம் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தால், எந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அந்தச் சூடே சொல்லிவிடும்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் அகப்படாதபோது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வரலாம். முதலில் ஆயிலை மட்டும் வடித்துப் பாருங்கள். எக்ஸ்ஜேயின் என்பி 231, 242 இரண்டுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் அதே மெல்லிய ஏடிஎஃப்தான் ஊற்றவேண்டும். யாராவது கெட்டியான கியர் ஆயிலை ஊற்றியிருந்தால் அதை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். வடித்த ஆயிலில் பளபளவென்று இரும்புத் துகள்கள், அதிலும் விரலில் உருட்டினால் குத்துகிற அளவுக்குத் துண்டுகள் இருந்தால், அப்போது பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.