‘அல்லது’ என்னும் சொல்



இறைப்பற்று உடையோரும் இறைமறுப்பாளரும் அரசியலில் ஒன்றுகூட இயலுமா என்னும் வினாவுக்குத் தமிழக வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், பகுத்தறிவு இயக்கத்திலிருந்து கிளைத்த திராவிட முன்னேற்றக் கழகத்தோடு, இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் உரைநடையில் தந்த இராசாசியின் சுதந்திராக் கட்சி கைகோத்தது. காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீகும் மார்க்சிஸ்டுகளும் அதே அணியில் நின்றனர். கடவுள் மறுப்பின் பேராசானாகிய பெரியாரோ எதிர்ப்புறத்தில், காமராசரை ஆதரித்து நின்றார். ஆத்திகர் ஒருபுறம், நாத்திகர் மறுபுறம் என்று கோடு கிழித்துப் பார்ப்போருக்கு அத்தேர்தல் பிடிபடவே செய்யாது.

அவ்வணியை இணைத்தவை அரிசித் தட்டுப்பாடும், 1965ஆம் ஆண்டு மொழிப்போராட்டத்தின் ஆறாத காயமும், நெடுநாள் ஒரே கட்சி ஆண்டதால் வந்த சலிப்பும் ஆகும். 1938இல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய இராசாசியே பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்ப்பவராக மாறியிருந்தார். கடவுளைக் கைவிடுமாறு அவரை எவரும் கேட்கவில்லை. கும்பிடுமாறு கழகத்தாரை அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் மேடையிலேயே அணி கலைந்திருக்கும்.

அதற்கான நிலத்தை அண்ணா முன்னரே பண்படுத்தியிருந்தார். குலமும் தெய்வமும் ஒன்றே எனும் திருமந்திர வாக்கை அவர் தம் கொள்கையாக முழங்கினார். கறாரான நாத்திகர்க்கு அது சறுக்கலாகப் பட்டது. கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கோ அது கழகத்தின் வாயிற்கதவைத் திறந்துவைத்தது. சைவத் திருமுறையில் அடங்கிய ஒரு பாட்டு, பகுத்தறிவாளர் மேடையில் வேறொரு பணி செய்தது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

தேர்தல் உடன்பாடு வாக்குச்சாவடியோடு முடிந்துவிடக் கூடியது. அதனினும் ஆழமான உடன்பாடு சட்டநூலில் இருக்கிறது. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அதனால் மனைவி என்னும் உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்கு உள்ளாயின. அண்ணாவின் அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். முன்பே நடந்த அத்தகைய மணங்களும் செல்லுபடியாயின.

வரைவில் தாலி கட்டுதல் ‘மற்றும்’ என்று சேர்க்கப்பட்டிருந்ததாகவும், அதனை ‘அல்லது’ என மாற்றச் சொன்னவர் பெரியாரே என்றும் இயக்கத்தார் கூறுவர். ‘மற்றும்’ நின்றிருந்தால் தாலி வேண்டாதார்க்கு அச்சட்டத்தால் பயனில்லை. தாலியை அறவே நீக்கியிருந்தால் இலட்சக்கணக்கான தாய்மார் அதனைத் தம்மீது தொடுத்த போராகக் கருதியிருப்பர். தீ வளர்த்து மணம் செய்வோரின் வழக்கத்தையும் அத்திருத்தம் தொடவில்லை. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இதே ஏற்பாடு உண்டு. அமைச்சர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் பதவி ஒன்றே, பொறுப்பும் ஒன்றே.

இந்த இணக்கம் எப்போதும் இனிதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1971இல் இராசாசி காமராசரோடு சேர்ந்து கழகத்தை எதிர்த்தார்; பெரியார் கழகத்தை ஆதரித்தார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் தெய்வ உருவங்கள் இழிவுபடுத்தப்பட்டன என்னும் குற்றச்சாட்டு தேர்தல் களத்தின் பெரும்பேச்சாயிற்று. புண்பட்டோர் உண்மையிலேயே புண்பட்டனர். அதனை வெறும் தேர்தல் தந்திரமென்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆயினும் 234 இடங்களில் 184 இடங்களைக் கழகமே வென்றது. அதற்கு வாக்களித்தோரில் மிகப் பலர், அவ்வாண்டும் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை சென்று வழிபட்டவர்களாகவே இருந்திருப்பர்.