வாயில்லா ஜீவன்கள் நம்மிடமுள்ள அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. நம் காஞ்சியின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது பட்டு. அப்பட்டு ஒரு சிறு புழுவின் வாயிலிருந்து வருவது. புழு வளர்ப்போர் ஓர் உண்மையை நன்கறிவர். நெருக்கிப் போட்டாலும், ஈரம் தங்கினாலும், காற்றோட்டம் குன்றினாலும் புழு நோயுறும், கூடு மெலியும், நூலின் தரம் தாழும். ஓர் உயிரை நடத்தும் விதத்தில் நம் பிழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை.

உலக நாடுகள் 2015-ஆம் ஆண்டில், 2030-க்குள் எட்ட வேண்டிய நீடித்த வளர்ச்சிக்கான இலக்குகள் பதினேழை வகுத்தன. அவற்றுள் பிராணிகளின் நலனுக்கெனத் தனி இலக்கு இல்லை. பின்னர் 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, பிராணிகளின் நலன், சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை எனத் தீர்மானம் இயற்றியது.

நமக்கு இது புதிய செய்தியன்று. முதுகு வயிற்றோடு ஒட்டிய ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பேச இயலாத பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு, வேதனையைக் குறைத்து, செம்மையாக அறுக்கப் பணித்தார்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதை நாம் மக்தபிலேயே கேட்டிருக்கிறோம்.

நாட்டின் சட்டமும் இதற்கு முரணானதன்று. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஒரு சமயம் விதிக்கும் முறைப்படி பிராணியை அறுப்பதை அதன் 28-ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. ஆனால் அவ்விலக்கு அறுக்கும் முறைக்கு மட்டுமே உரியது. அதற்கு முன் அடிப்பதற்கும், பட்டினியிடுவதற்கும், வண்டியில் திணிப்பதற்கும் அதில் இடமில்லை. ஒரு பிராணியின் கண்முன் மற்றொன்றை அறுக்கலாகாது என 2001-ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன. நம் மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாக உரைத்து வருவதும் இதுவே.

இனி நம் முஹல்லாவைப் பார்ப்போம். கடந்த ஹஜ்ஜுப் பெருநாளில் கண்டதை மறைக்காமல் சொல்வோம். கால்கள் கட்டப்பட்டு இருசக்கர வாகனத்தில் தொங்கியவாறு சில ஆடுகள் வந்தன. சில வெயிலில் நீரின்றி நின்றன. ஒன்றின் இரத்தம் காயுமுன் அவ்விடத்திலேயே அடுத்ததைக் கிடத்தினோம். மாலையில் குடலும் கழிவும் கால்வாயோரம் கிடந்தன. இவற்றைச் செய்தவர் வேறெவருமல்லர், நாமே.

இதனால் பிராணி மட்டும் துன்புறவில்லை. அச்சத்தாலும் அலைச்சலாலும் களைத்த பிராணியின் தசையிலுள்ள சத்து தீர்ந்துவிடுவதால், இறைச்சி கருத்து விரைவில் கெடுகிறது. கம்பியும் கயிறும் கிழித்த தோல் விலை போவதில்லை. காலத்தில் உப்பிடாத தோல் அழுகிப் போகிறது. மதரஸாக்களுக்கு வருவாயாக இருந்த குர்பானித் தோலின் மதிப்பு அண்மை ஆண்டுகளில் வீழ்ந்திருப்பதை நாம் அறிவோம். எஞ்சியதையும் நம் கையாலேயே பாழாக்கலாமா?

அத்தோல் செல்லும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழில் பாலாற்றங்கரையை ஒட்டியது. அந்தப் பாலாறே பின்னர் நம் காஞ்சியின் அருகே வருகிறது. தோல் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டது குறித்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் நாட்டுச் சட்டமாக ஏற்றது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அது மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. அத்தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் உழைக்கின்றனர். ஆதலின் இதனைப் பிறர் குறையாகச் சுட்ட நமக்கு வாயில்லை. ஆட்டின் துன்பம், வீணாகும் தோல், கெடும் நீர் ஆகியவை பாவும் ஊடும் போலப் பின்னியவை.

அடுத்த பெருநாளுக்கு முன் நான்கு செயல்களை ஜமாஅத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஆடுகளை நெருக்கமின்றி ஏற்றிவர ஜமாஅத்தே வாகனம் அமர்த்துதல்.

இரண்டாவது, அவற்றுக்கு நிழலும் நீரும் தீவனமும் உள்ள ஓரிடம் அமைத்தல்.

மூன்றாவது, அனுமதி பெற்ற பொது இடத்தில் திரையிட்டு, தேர்ந்தவரைக் கொண்டு ஒவ்வொன்றாக அறுத்தல்.

நான்காவது, தோலுக்கு உடனே உப்பிட்டு, கழிவை அன்றே மாநகராட்சி வண்டியில் சேர்த்தல்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. இளைஞர்கள் பத்துப்பேர் முன்வந்தால் போதும்.

குர்பானியில் அல்லாஹ் நாடுவது நம் இறையச்சத்தையே. அவ்விறையச்சம் கத்தியை எடுக்கும்போது தொடங்குவதன்று. ஆட்டின் கயிற்றைக் கையில் வாங்கும்போதே தொடங்குகிறது. அந்தக் கயிற்றைப் பற்றிய நொடி முதல் அவ்வுயிர் நம்மிடம் அமானிதம். அதனைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.