எப்படி வந்தது?

ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போகிறோம். ஈரல் கெட்டுவிட்டது என்றதும் "குடிப்பாரா?" என்று கேட்கிறோம். நுரையீரலில் புற்று என்றால் "சிகரெட் பழக்கம் உண்டா?" என்கிறோம். ஆமாம் என்று பதில் வந்துவிட்டால், நம் இரக்கத்தில் பாதி அங்கேயே வற்றிவிடுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் டெசெட்டி என்ற ஆய்வாளரின் குழு இதை மூளையைப் படமெடுத்தே பார்த்தது. வலியால் முகம் சுளிப்பவர்களின் சின்னச் சின்ன வீடியோக்களைச் சிலருக்குக் காட்டினார்கள். இவருக்கு எய்ட்ஸ், ரத்தம் ஏற்றியதில் வந்தது. அவருக்கும் எய்ட்ஸ், போதை ஊசியால் வந்தது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் வலியைப் பார்த்தபோது, பிறர் வலிக்கு இசையும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. போதை ஊசி போட்டவருக்கு அந்த அளவு இல்லை. முகத்தில் தெரிந்ததோ அதே வலி!

எய்ட்ஸை உண்டாக்கும் ஹெச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ இது தொற்றாது. ஆனாலும் சொந்த வீட்டிலேயே தனித்தட்டு, தனித்தம்ளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! சிகிச்சையிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்தது. சட்டம் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள மனிதர்தான் வேண்டும்.

இன்று யாரையாவது நலம் விசாரிக்கப் போகிறீர்களா? எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ரொம்ப வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.