பகலில் காட்டும் அருந்ததி



ஈப்போவில் காலை முகூர்த்தக் கல்யாணம் எதற்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தாலி கட்டியாயிற்று. பெண்ணின் கால் அம்மிமேல். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறார். பிறகு ஐயர் இருவரையும் மண்டப வாசலுக்கு அழைத்துப் போய்க் கையை உயர்த்துகிறார். "அதோ அருந்ததி, பாத்துக்குங்க. தெரியுதா?" வெயிலில் கண் கூச, "தெரியுது சாமி" என்கிறாள் பெண். "இன்னொரு தடவை மேல பாருங்க" என்கிறார் வீடியோக்காரர். அதற்குள் பந்தியில் இலை போட்டுவிடுகிறார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அருந்ததி எங்கே இருக்கும்? தை மாதக் கல்யாணமென்றால் ஐயரைக் குறை சொல்ல முடியாது. வடக்கே, சற்று மேற்குச் சாய்வில் அது நிற்கத்தான் செய்கிறது. வெளிச்சத்தில் தெரியவில்லை, அவ்வளவே. வைகாசியிலோ அந்நேரம் அது அடிவானத்துக்குக் கீழே இறங்கி நாலு மணி நேரம் ஆகியிருக்கும். ஐயர் காட்டுவது வானத்தை, அருந்ததி இருப்பது நம் காலுக்குக் கீழே!

சடங்கைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இது ராத்திரிச் சடங்கு. ஆசுவலாயனர் பெயரிலுள்ள கிருஹ்ய சூத்திரம் என்ற சடங்கு நூலில், மணப்பெண் பேசாமல் காத்திருந்து, துருவனையும் அருந்ததியையும் ஏழு முனிவர்களையும் கண்ட பிறகே வாய் திறக்கிறாள். முகூர்த்தம் பகலுக்கு வந்துவிட்டது. நட்சத்திரம் பகலுக்கு வர மறுக்கிறது. தமிழருடைய பழைய கல்யாணத்தில் இந்தக் காட்சியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகநானூற்றின் 86, 136ஆம் பாட்டுகளில் கல்யாணம் விரிவாக வருகிறது. அங்கே நல்ல நாளுக்கு அடையாளம் நிலா ரோகிணியோடு சேர்வது. அருந்ததியை வடமீன் என்ற பெயரில் சங்கப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். புறநானூற்றில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியின் மனைவியுடைய கற்புக்கு அதைத்தான் உவமை சொல்கிறார். ஆனால் யாரும் யாரையும் வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி முடிய, இரவு ஒன்பது ஒன்பதரைக்கு வடக்கே திரும்பி நில்லுங்கள். ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்துப் பிடித்த அகப்பை மாதிரி தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். காம்பு வலப்பக்கம் நீளும். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிட்டர். அவரை ஒட்டி, கூர்ந்து பார்த்தால் மட்டும் பிடிபடுகிற சின்னப் பொட்டு, அவர் மனைவி அருந்ததி. பெரியதை முதலில் காட்டி, அங்கிருந்து சிறியதற்குக் கண்ணை நகர்த்தும் இந்த முறைக்கு வேதாந்திகள் அருந்ததி நியாயம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாடம் சொல்லித் தரும் வழிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

துருவன் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் இல்லை. ஈப்போ பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் நாலரை பாகை உயரத்தையொட்டியே நிற்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளும் மூட்டமும் அதை மறைத்துவிடும்.

அருந்ததிக்கு ஏன் இந்தப் பெருமை? மகாபாரதத்தின் வனபருவத்தில் ஒரு கதை இருக்கிறது. அக்கினி ஏழு முனிவர்களின் மனைவியர்மேல் ஆசைப்படுகிறான். அவனை விரும்பிய சுவாகா, அந்தப் பெண்களின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவனிடம் போகிறாள். ஆறு பேருடைய உருவம் கைகூடியது. ஏழாவதாக அருந்ததியின் உருவத்தை எடுக்க அவளால் முடியவே இல்லை. பிறகு முருகன் பிறக்கிறான். பழி வந்து, செய்யாத குற்றத்துக்காக ஆறு மனைவியரும் கணவர்களால் கைவிடப்படுகிறார்கள். கடைசியில் கார்த்திகை நட்சத்திரமாக வானத்தில் இடம்பெறுகிறார்கள். கந்தபுராணத்தில் நாம் கேட்டுப் பழகிய கார்த்திகைப் பெண்கள் கதை வேறு. ஆனால் வானத்தைப் பார்த்தால் இந்தக் கதைதான் பொருந்துகிறது: ஏழு முனிவர்களில் ஒருவர் பக்கத்தில் மட்டுமே மனைவி. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிற நம் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த ஆறு பேரின் நியாயம் தெரியும்? எனக்கு அருந்ததியைவிட அவர்கள்மேல்தான் பரிவு அதிகம்.

சோதிடம் என்று வந்தால், அருந்ததி இருபத்தேழு நட்சத்திரங்களில் சேராதது. அதற்கு ராசி இல்லை, பாதம் இல்லை, தசை இல்லை. பொருத்தம் பார்க்கிற நோட்டில் அது வராது. சகுனமாகத்தான் வருகிறது. பாரதப் போருக்கு முன் வியாசர் தீய குறிகளை அடுக்கும்போது, அருந்ததி வசிட்டரைப் பின்னுக்குத் தள்ளி முன்னே போய்விட்டாள் என்கிறார். சுசுருத சம்கிதை என்ற மருத்துவ நூலில், அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவனுக்கு ஆயுள் முடிந்தது என்ற குறிப்பு உண்டு. ஈப்போவின் லகாட் சாலையில் தெருவிளக்குக்கு அடியில் நின்று இதைச் சோதித்தால் புந்தோங்கில் பாதிப் பேர் தப்ப மாட்டார்கள். கண் பார்வைக்கான சோதனை என்று எடுத்துக்கொண்டால் மரியாதையாக இருக்கும். அரபு நாட்டாரும் இந்த நட்சத்திரத்தை அதற்குத்தான் பயன்படுத்தினார்கள்.

வாட்சப்பில் இன்னொன்று சுற்றுகிறது. வசிட்டரும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம், அது நம் முன்னோருக்குத் தெரியும், அதனால்தான் தம்பதிக்குக் காட்டினார்கள் என்று. பழைய நூல்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தொலைநோக்கி சொல்வது அதைவிடச் சுவையானது. வசிட்டர் ஒருவரல்ல, நால்வர். முதல் பிளவு 1617லேயே தெரிந்துவிட்டது. அருந்ததிக்கும் மங்கலான ஒரு துணை இருப்பதை 2009இல் கண்டார்கள். ஆக மொத்தம் ஆறு பேர், நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், சேர்ந்தே நகர்கிறார்கள்.

இவையெல்லாம் வேண்டாம் என்று அம்மியையும் அருந்ததியையும் தள்ளிவைத்துக் கல்யாணம் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போ மாநாட்டில் பேசிய பேச்சுக்கு அதில் பங்கு இருக்கிறது. அவர்களும் வானத்தைப் பார்க்கலாம். அதற்கு மந்திரம் தேவையில்லை.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வானம் புதிதாக இருக்காது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத்துக்குப் போனவர்களுக்குத் தை மாதத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு, மேகமில்லாவிட்டால், இந்த ஏழும் வடக்கே நன்றாக மேலேறித் தெரிந்திருக்கும். லயங்கள் காலியாகிவிட்டன, பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இருட்டு மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தை மாதத்தில் கல்யாணமான தம்பதிகள் மறுநாள் விடியற்காலையில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துச் சாலையில் காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். வைகாசித் தம்பதிகளுக்கு அலாரம் தேவையில்லை. சாயங்கால மழை விட்டு வானம் தெளிந்திருந்தால் கல்யாணத்தன்று ராத்திரியே பார்த்துவிடலாம். நிலா இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது.