நிழலுக்கும் நிறம் உண்டு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



1875ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே, தம் மனைவி குடையேந்தி நிற்கும் காட்சியைத் தைலவண்ணத்தில் தீட்டினார். புல்மேட்டின்மேல் பெண், பின்னே வானம், காண்பவர் கண்ணோ கீழே. அவள் உடை வெள்ளை. ஆயினும் அதன் நிழற்பகுதியில் வானின் நீலமும் புல்லின் பசுமையும் படிந்திருக்கின்றன. நிழல் கருமையன்று, அதுவும் நிறமே என்பது இம்ப்ரஷனிச ஓவியர் கண்ட உண்மை.

அவ்வுண்மையைக் காவிரிக் கரையில் வைத்துக் காணும்போது ஓவியர் இளையராஜா நினைவுக்கு வருகிறார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, குடந்தையிலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். அவர் நடப்பியல் ஓவியர், இம்ப்ரஷனிசத்தார் அல்லர். மோனே தூரிகையின் தடத்தை வெளிக்காட்டினார். இவர் அதனை மறைத்தார். மோனேயின் பெண் திறந்த வெளியில் நிற்கிறாள். இவருடைய பெண்களோ பெரும்பாலும் கதவோரத்தில், சன்னலோரத்தில். ஒருபுறமிருந்து வரும் வெயில் கன்னத்தையும் தோளையும் தொட்டு, எஞ்சியதை வீட்டின் இருளுக்கே விட்டுவிடுகிறது. ஒளியின் மீதுள்ள காதல் மட்டும் இருவர்க்கும் பொது.

'புகைப்படம் போல் இருக்கிறது' என்பது அவர் பெற்ற பாராட்டு. குறை கூறுவோர் சொல்வதும் அதுவே. வெளிச்சமான வாசலுக்கு அளவு வைத்தால், புகைப்படக் கருவி உள்ளிருளைக் கறுப்பாக்கிவிடும். ஓவியன் அவ்விருளுக்குள்ளும் முகம் தேடுகிறான். மெல்ல உலரும் தைலவண்ணம், ஒளி நிழலாகும் எல்லையை இழைத்து இழைத்துக் கரைக்க அவனுக்கு இடந்தருகிறது. பச்சையின் அருகே வைத்த பழுப்பு, செம்மை கூடித் தோன்றும். அருகருகே அமையும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் என்பதை 1839இலேயே செவ்ரெல் என்னும் வேதியியலறிஞர் நூலாக எழுதினார். பச்சைச் சேலைக்கு அருகே கருமேனி சுடர்வதன் மருமம் இதுவே. நாற்றங்காலில் நிற்கும் பெண்ணைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று.

நாட்காட்டிகளும் விளம்பரங்களும் சிவந்த மேனியையே அழகென்று விற்றுவந்த நாட்டில், கிராமத்துக் கரிய பெண்ணை எவ்வித ஒப்பனையுமின்றி நடுவே நிறுத்தினார் இளையராஜா. 2021 ஜூனில், நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

கவிஞர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'மாநிறம்' என்று ஒரே சொல்லில் எழுதிக் கடந்துவிடுகிறோம். அச்சொல்லுக்குள் எத்தனை நிறங்கள் என்பதை எழுதுவது இனிக் கவிதையின் கடன்.