நிலம் வகுத்த ஆட்டம்

கோல்ஃப் என்றதும் உயர்ந்த மதிலும், உறுப்பினர் அட்டையும், கோடையிலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பச்சைப் புல்வெளியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஏரி நிரம்பினால்தான் நடவு என்று வாழும் திருத்தணி வட்டாரத்தாருக்கு இது வேண்டாத ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த விளையாட்டு வளர்ந்த இடம் அப்படிப்பட்டதல்ல. ஸ்காட்லாந்தின் கடலோரத்தில், உழவுக்கு ஆகாத மணல்மேடுகளில் அது வளர்ந்தது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் போல ஆடுமாடு மேயவும், மக்கள் நடக்கவும், துணி உலர்த்தவும் பயன்பட்ட நிலம் அது. அந்த வகை ஆடுகளத்தை லிங்க்ஸ் என்கிறார்கள். பொதுமக்களுக்கென்று ஒரு கோல்ஃப் மைதானம் அமைப்பதானால் பின்பற்றத் தக்க முறை அதுவே என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்திலுள்ள ஓல்டு கோர்ஸ் மைதானம் இதற்குத் தலையாய சான்று. யாரோ ஒரு வல்லுநர் காகிதத்தில் வரைந்து, மண்ணை வெட்டிக் கொட்டி உண்டாக்கியதல்ல அது. மேடு பள்ளங்கள் பெரும்பாலும் இயற்கை தந்தவை. பின்வந்தவர்கள் அவற்றைத் திருத்தினார்கள். 22 குழிகளாக இருந்த ஒரு சுற்று ஆட்டம் 1764-இல் 18 ஆனது. இன்று உலகம் முழுவதும் அதுவே கணக்கு. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய ஏழு பெரிய பசுந்தளங்களில் இரண்டிரண்டு குழிகள் இருக்கின்றன. ஒரு தளத்திலுள்ள இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் பொதுவாக ஒரே அகன்ற வெளி. புதிதாக ஆட வருபவர் பந்தைக் கோணலாக அடித்தாலும் பெரும்பாலும் அது கைவிட்டுப் போகாது.

அகலமாக இருந்தால் ஆட்டம் எளிதாகிவிடாதா? அங்குள்ள 17-ஆம் குழியைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதன் பசுந்தளம் ஒடுக்கமானது, சாய்வாகக் கிடப்பது. முன்னே இடப்பக்கம் ஆழமான ஒரு மணற்பள்ளம். பின்னால் சாலை, அதற்கப்பால் கல்சுவர். குழியில் நட்ட கொடியை நோக்கி நேராக உயர அடிப்பவர், கொஞ்சம் குறைந்தால் மணலில் விழுவார், கொஞ்சம் மிஞ்சினால் சாலைக்குப் போவார். தன் வலு அறிந்தவரோ பந்தைத் தளத்துக்கு முன்னால் வலப்புறம் நிறுத்தி, அடுத்த அடியில் தரையோடு உருட்டி மேலேற்றலாம். முதியவருக்கும் வழி உண்டு. தேர்ந்தவருக்கும் சோதனை உண்டு. தோள்வலிமையைவிடத் தீர்மானத்துக்கு மதிப்பளிக்கும் அமைப்பு இது. குளத்தைக் குறுக்கே வெட்டி, தாண்டினால்தான் ஆட்டம் என்று கட்டாயப்படுத்தும் மைதானங்களில் இந்த நயம் கிடையாது.

நன்றாக அடித்த பந்தும் ஒரு மேட்டில் பட்டுத் திசைமாறுகிறதே, அது நியாயமா என்று கேட்பார்கள். மேடு எல்லாருக்கும் ஒன்றுதான், காற்றும் அப்படியே. அவற்றைக் கணித்து ஆடுவதும், கணக்குத் தப்பும்போது மனம் தளராமல் அடுத்த அடிக்குத் தயாராவதும் இந்தக் கலையின் பாதி. மணலும் குளிர்காற்றும் இல்லாத நமக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது இன்னொரு கேள்வி. திருத்தணியில் கடற்கரை மணல் இல்லை. ஐப்பசி மழையில் நனைந்த தரையில் பந்து உருளாது என்பதும் உண்மை. ஆனால் லிங்க்ஸைத் தோற்றத்தில் நகல் எடுக்கச் சொல்லவில்லை. நிலத்தின் போக்கை மாற்றாமை, இறுகிய தரை, குறைந்த நீர் என்ற கொள்கையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வெப்ப நாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்று வளர்ப்பது, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அறுகம்புல் இனத்தைத்தான். வறட்சியில் அது பழுப்பாகும். மழை கண்டதும் தளிர்க்கும். பழுப்பைக் குறையாக நினைக்காத மனம் வந்துவிட்டால், தண்ணீர்ச் செலவு பெருமளவு குறையும்.

பணக்காரர்களின் ஆட்டம் என்ற குற்றச்சாட்டே எல்லாவற்றிலும் வலுவானது. கிண்டி, உதகை, கொடைக்கானல் மைதானங்கள் மன்றங்களின் ஆட்டக்களங்களாகவே வளர்ந்ததால், அதை எளிதில் மறுக்க முடியாது. ஆனாலும் வேறு வழி இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நிலத்தை நகராட்சி 1894-இல் வாங்கியது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. வெளியூர்க்காரரும் பெயர் கொடுத்துக் குலுக்கலில் இடம் பெறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் அங்கே உலாவுகிறார்கள். நம் நாட்டிலும் தில்லி வளர்ச்சி ஆணையம் குதுப் பகுதியில் பொது மைதானம் ஒன்றை நடத்துகிறது.

ஆகவே, நாளை எங்கேனும் பொது கோல்ஃப் மைதானம் என்ற பேச்சு எழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிலத்தின் மேடும் ஓடையும் இருந்தபடி இருக்குமா? ஏரிநீரில் கைவைக்காமல் புல் வளருமா? ஆடாதவருக்கும் அங்கே நடக்க உரிமை உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் வரவேற்போம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அந்த நிலம் மேய்ச்சலுக்கே இருக்கட்டும்.