தஞ்சைப் பெரிய கோயிலும் சாபக் கதையும்

கதை ஓர் ஊருக்குப் பெருமையும் தரும், பழியும் தரும். நாராயணவனத்துக்குப் பத்மாவதி திருமணக் கதையால் மங்கலப் பெயர் வாய்த்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ, பதவியில் இருப்போர் தலைவாயில் வழியே நுழைந்தால் கேடுறுவர் என்னும் சாபக் கதை ஒட்டிக்கொண்டது.

1984-ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் வந்தனர். அக்டோபரில் முன்னவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னவர் கடும் நோயுற்றார். மக்கள் வாய் இவற்றை முடிச்சிட்டது. அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். டிசம்பர்த் தேர்தலில் வென்றதை அக்கதை சொல்வதில்லை. 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு வந்த மு. கருணாநிதி தலைவாயிலைத் தவிர்த்தார் என்றனர். 2011-இல் அவரும் ஆட்சியை இழந்தார். நுழைந்தாலும் கேடு, நுழையாவிடினும் கேடு எனில், வாயிலின்மீது குற்றம் ஏது?

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. 1997 ஜூன் 7 அன்று குடமுழுக்கு வேள்விப் பந்தல் தீப்பற்றி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதையும் சாபக் கணக்கில் சேர்த்தனர் சிலர். எரிந்ததோ கீற்றுப் பந்தல். பழியைச் சாபத்தின்மேல் ஏற்றிவிட்டால் பந்தலைத் திருத்துவார் யார்? 2020-இல் குடமுழுக்கு இனிதே நிறைவேறியது. இராசராசன் எழுப்பிய கல் விமானம் எவரையும் சபிக்கவில்லை.